நீங்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே எங்கள் நிறுவனத்தின் புதிய டிவி பெட்டியான 'உடன்' அனுப்பும் வார அறிக்கை வந்துவிட்டது. பெட்டியைச் சோதனைக்கு வைத்திருக்கும் இருபத்தாறு வீடுகளில் எங்கள் வீடு ஒன்பதாம் எண். செய்கிறவர்கள் தங்கள் வீட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது மேலாளர் போட்ட விதி. சமைத்தவள் முதலில் சாப்பிட வேண்டுமாம்.

இந்த வேலையில் என் பங்கு, கை. டிவி முன்னால் இருப்பது யார் என்று ரிமோட்டைப் பிடிக்கும் கையை வைத்தே பெட்டி கண்டுபிடிக்க வேண்டும். பெயரும் கேட்கக் கூடாது, கடவுச்சொல்லும் கேட்கக் கூடாது. ரிமோட்டைத் தொடாதவர் கணக்கில் வர மாட்டார். பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறார், எங்கே சத்தத்தைக் குறைக்கிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்று பத்து நாள் பார்த்தால் ஆளைத் தெரிந்துகொள்ளும். பிறகு அவரவருக்குப் பிடித்ததை முன்னால் எடுத்து வைக்கும். வேறெங்கோ இருக்கும் சொந்தக்காரர் அதே படத்தைப் பார்த்தால், நம் திரையின் அடியில் ஒரு வெளிச்சப் புள்ளி எரியும். அவர் அங்கே சிரித்தால் புள்ளி இங்கே துள்ளும். 'இனி யாரும் தனியாகப் பார்க்க வேண்டாம்' என்ற விளம்பர வரிகூட நான் எழுதியதுதான்.

அறிக்கையில் ஒரு வரி இடித்தது. 'பிப்ரவரி 27, வியாழன், மாலை 3.50 முதல் 5.10 வரை. பார்த்தவர்கள்: மகள், நீங்கள்.'

அந்த நேரத்தில் நான் அலுவலகத்தில், ஆறு பேரோடு, பொத்தானின் நிறத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பிழை. குறித்துக்கொண்டேன்.

மார்ச் 6, வியாழன்

நான்கு மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டேன். கணவர் மூன்றாவது தடவைதான் எடுத்தார். "குளிச்சிட்டிருந்தேன்" என்கிறார். நாலு மணிக்கு என்ன குளியல்?

மார்ச் 9, ஞாயிறு

மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு துப்பறியும் படம் பார்த்தோம். வழக்கம்போல ரிமோட்டை வாங்கிக் கடைசிப் பத்து நிமிடத்தை முதலில் ஓடவிட்டேன். கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகுதான் எனக்கு நிம்மதியாகப் படம் பார்க்க வரும். கல்யாணமான நாளிலிருந்து இவர் இதற்குத் தலையில் அடித்துக்கொள்வார். இன்று அடித்துக்கொள்ளவில்லை. மகளும் அவரும் ஒருவரையொருவர் பார்த்து லேசாகச் சிரித்தார்கள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லம்மா."

ஒன்றுமில்லாததற்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் சிரிப்பார்களா?

மார்ச் 10, திங்கள்

இந்த வார அறிக்கையில் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும். 'மகள், நீங்கள்.' பொருத்தம் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. அலுவலகச் சோதனை அறையில் நானே ரிமோட்டைப் பிடித்தால் தொண்ணூறுதான் வருகிறது. என் வீட்டில் என்னைவிட அதிகமாக நானாக யாரோ இருக்கிறார்கள்.

பூதக்கண்ணாடியிடம் காட்டினேன். என் பக்கத்து நாற்காலிக்காரி. எந்தக் குறையும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்பதால் அந்தப் பெயர்.

"மத்த இருபத்தஞ்சு வீட்டுலயும் ஆள் சரியா வருது. உன் வீட்டுல மட்டும் என்ன?" என்றாள்.

"அதான் தெரியல."

"ஆபீஸ் வரேன்னு சொல்லிட்டு வீட்டுல உக்காந்து டிவி பாக்கறியா? உண்மையச் சொல்லிடு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

எதைக் கேட்டாலும் "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பவர் எங்கள் மேலாளர். இதற்கு மட்டும் அப்படிச் சொல்லவில்லை. "ஒரு வீட்டுல ஆள் மாறினாலும் வெளியீடு நிக்கும். மாசக் கடைசிக்குள்ள ஏன்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

எனக்கும் தெரியணும். அவருக்கு முன்னால் எனக்குத் தெரியணும். இவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வேலையில் செவ்வாயும் வியாழனும்தான் மதியத்துக்கு மேல் விடுமுறை. ஞாயிறு காலை கடையைத் திறப்பதற்கு ஈடாக. இதை எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமல் இருந்தாலும் அது அப்படித்தானே இருக்கும்?

மார்ச் 11, செவ்வாய்

ஆறரைக்கு வீடு வந்தேன். பையைக்கூட இறக்காமல் ஒரு சுற்று சுற்றினேன்.

சமையலறையில் மூன்று கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இவரும் மகளும் கோப்பையைக் கழுவினாலே அதிசயம். கவிழ்ப்பது இந்த வீட்டில் நான் மட்டும்தான். ரிமோட் குப்புறக் கிடந்தது. அதையும் நான்தான் குப்புற வைப்பேன், பொத்தான்மேல் தூசி விழாமல் இருக்க. காலையில் நான் ரிமோட்டைத் தொடவே இல்லை.

"யாராவது வந்தாங்களா?"

"இல்லையே" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பொய் சொல்லும்போதெல்லாம் இவர் கண்ணாடியைத் துடைப்பார். பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன். கண்ணாடி பளபளவென்றிருந்தது.

மார்ச் 13, வியாழன்

சோபா இடுக்கில் ஒரு கண்ணாடிக்கூடு. உள்ளே படிக்கிற கண்ணாடி. பெண்கள் போடும் ஃப்ரேம்.

"கஸ்டமரோடது. பையிலேர்ந்து விழுந்திருக்கும்" என்றார்.

இவர் கடையிலிருந்து பை கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. இவர் அந்தப் பக்கம் போனதும் அதைப் போட்டுப் பார்த்தேன். மூக்கில் சரியாக உட்கார்ந்தது. அளவெடுத்துச் செய்தது போல. என் முகத்துக்கு எந்த ஃப்ரேம் பொருந்தும்னு இவருக்கு நல்லாத் தெரியுது. தெரிஞ்சு வெச்சுக்கிட்டு அதை எவளுக்கோ செஞ்சு குடுத்திருக்காரு. எனக்குக் கண்ணு சரியில்லன்னு நான் சொல்லி எட்டு மாசம் ஆச்சு!

கூட்டை என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கஸ்டமர் வந்து கேட்கட்டும்.

மார்ச் 15, சனி

அப்பா போய் இன்றோடு மூன்று வருடம்.

அன்றைக்கும் ஒரு வெளியீடு. போனை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு மேடையில் நின்று அப்போதைய பெட்டியை விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா பதினொரு தடவை கூப்பிட்டிருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் அத்தனை பேர் முன்னால் அக்கா சொன்னது: "வந்துட்டா. அவளுக்கு டிவிதான் முக்கியம்."

அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. அவள் பெயரை எடுக்கக் கூடாது என்று இவரிடமும் மகளிடமும் சொல்லிவிட்டேன். எடுக்கவும் இல்லை. இன்று காலை மகள் மட்டும் "அம்மா, பெரியம்மா…" என்று ஏதோ ஆரம்பித்தாள். முறைத்தேன். எழுந்து போய்விட்டாள்.

இன்று அழ நினைத்தேன். அதற்குக்கூட மனது ஒழியவில்லை. அந்தக் கண்ணாடிக்காரியே மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

மார்ச் 18, செவ்வாய்

செய்யக் கூடாததைச் செய்தேன். எழுதி வைக்கிறேன், பிற்பாடு எனக்கே நான் கதை விடாமல் இருக்க.

பெட்டியில் ஒரு காது உண்டு. சிரிப்பைப் பிடித்துப் புள்ளியாக அனுப்புவதற்கு. பேச்சை அது சேமிக்காது. எத்தனை பேர் சிரித்தார்கள், எத்தனை தடவை என்று எண்ண மட்டும் செய்யும். ஆனாலும் சோதனை முடியும்வரை எந்த வீட்டிலும் காது திறக்கப்படாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். இருபத்தாறு வீட்டிலும் கையெழுத்து வாங்கினோம். எங்கள் வீட்டில் இவரிடமும் மகளிடமும் வாங்கியது நான்.

3.45க்கு, மேஜையில் உட்கார்ந்தபடியே, ஒன்பதாம் வீட்டுக் காதைத் திறந்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பூதக்கண்ணாடி தேநீர் எடுக்கப் போயிருந்தாள்.

3.58 – சிரிப்பு. மூன்று பேர்.
4.06 – மூன்று பேர்.
4.07 – மூன்று பேர், நீளமாக.

ஐந்து மணிக்குள் பதினேழு தடவை. மூன்று பேரும். அப்படியென்றால் மகளுக்கும் தெரியும். என் மகளுக்கும்! எனக்குத் தெரியாமல் ஒருத்தியை என் இடத்தில் உட்காரவைத்து, என் கோப்பையைக் கொடுத்து, இரண்டு பேரும் குடும்பம் நடத்துகிறார்கள். நான் இருந்து பார்க்கும்போது ஒரு படத்துக்கு இரண்டு தடவைகூடச் சிரிக்க மாட்டார்களே. அவ அப்படி என்னதான் சொல்லுவா?

மார்ச் 19, புதன்

சாப்பிடும்போது மகள், "ஏம்மா என்னையே பாக்கற?" என்றாள். "ஏன், பாக்கக் கூடாதா?" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாளை வியாழன்.

மார்ச் 20, வியாழன்

வீட்டுக்குப் போய்க் கையும் களவுமாகப் பிடிப்பதாகத்தான் திட்டம். படி இறங்கும்போது பாதியில் நின்றுவிட்டேன். கதவைத் திறந்து அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் பிறகு பார்க்காதது போல இருக்க முடியாதே. திரும்பி வந்து சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அது ஒரு பொய் வரவேற்பறை. சோபா, திரைச்சீலை, பிளாஸ்டிக் செடி, யாருடைய குடும்பமும் இல்லாத ஒரு குடும்பப் படம். உட்கார்ந்து பெரிய டிவியைப் போட்டேன். ஒன்பதாம் வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது திரையில் வந்தது. என் பெயரில் 'சேர்ந்து பார்க்க' பொத்தானை அழுத்தினேன். அங்கே புள்ளி எரியட்டும், மூன்று பேரும் பதறட்டும் என்றுதான்.

திரையில் வந்தது: 'நீங்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.'

இன்னொரு தடவை அழுத்தினேன். அதே வரி. அந்த வரியையும் நான்தான் எழுதினேன்.

வயரைப் பிடுங்கி எறியலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் திரையில் படம் நகர்ந்தது. ஏதோ ஒரு பழைய மர்மப் படம், அப்போதுதான் தலைப்பு ஓடி முடிந்திருந்தது. யாரோ ரிமோட்டை எடுத்து வேகமாக முன்னால் ஓட்டினார்கள். கடைசிக்கு. சரியாகக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு. ஒருவன் பிடிபட்டான். ஒரு பெண் கத்தி அழுதாள், சத்தம் மூன்று படி குறைந்தது. 'முற்றும்' வந்தது. பிறகு படம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் சரியாக ஒன்பது மணிக்கு அப்பா டிவியை அணைப்பார். கதை எங்கே நின்றாலும் சரி. சின்ன வயதில் நான் ஒரு படத்தின் முடிவைக்கூடப் பார்த்ததில்லை. வாடகை கேசட் வந்த பிறகு அக்காதான் வழி கண்டுபிடித்தாள். முதலில் கடைசிவரை ஓட்டி முடிவைப் பார்ப்பது, பிறகு திரும்பச் சுற்றி முதலிலிருந்து. "இனிமே அப்பா எப்ப வேணா அணைக்கட்டும்டி" என்பாள். கத்துகிற காட்சியில் சத்தத்தைக் குறைத்ததும் அவள்தான், உள்ளறையில் அப்பாவுக்குக் கேட்காமல் இருக்க. ரிமோட் என் கைக்கு வரவே மூன்று வருடம் ஆனது. அதுவரை அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை என்று நினைத்துப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவள் கை.

கண்ணாடிக்காரி. அக்கா.

மார்ச் 21, வெள்ளி

நேற்று வீட்டுக்குப் போனதும் சண்டை. சந்தேகம் போனால் நிம்மதி வரும் என்று யார் சொன்னது? எனக்குக் கோபம்தான் வந்தது.

"அக்கா எப்பலேர்ந்து வரா?" என்றேன். இவர் கண்ணாடியைத் துடைக்கக் கழற்றி, பிறகு துடைக்காமலே போட்டுக்கொண்டார்.

"ஒரு மாசமா. கண்ணாடி செய்யக் கடைக்கு வந்தாங்க. உன்னைப் பத்தித்தான் முதல்ல கேட்டாங்க. நான்தான் வீட்டுக்கு வாங்கன்னேன். உங்கிட்ட சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

"கஸ்டமர்னு பொய் சொன்னீங்களே!"

"கஸ்டமர்தானே" என்றார், பாவமாக. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மகள் குறுக்கே வந்தாள். "நீ பேச மாட்டே, சரி. நானும் பேசக் கூடாதுன்னா என்ன நியாயம்? எனக்குன்னு இருக்கறது ஒரே ஒரு பெரியம்மா."

அப்போது வாயை விட்டேன். "மூணு பேரும் உக்காந்து பதினேழு தடவை சிரிச்சீங்களே, ஒரு தடவையாவது என் ஞாபகம் வந்துச்சா?"

மகள் இவரைப் பார்த்தாள், பிறகு என்னை.

"பதினேழுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மகள்.

நான் டிவிக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தேன்.

"காது மூடியிருக்கும்னு எங்கிட்ட கையெழுத்து வாங்கினது நீ. எங்களை ஒட்டுக்கேட்டியா?"

"பேச்சு எதுவும் கேக்கலம்மா. எண்ணிக்கை மட்டும்தான்…"

"அது என்ன, பாதி ஒட்டா?"

பதின்மூன்று வயது. பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுற்றி, என் அலுவலகப் பைமேல் கொண்டுவந்து வைத்தாள். இவர் மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டார். "நீ என்னைத்தானே சந்தேகப்பட்ட?" ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 24, திங்கள்

'ஒன்பதாம் வீடு: இணைப்பு இல்லை.'

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். ஆள் மாறியதற்குக் காரணம் என் அக்கா, ஒரே டிவியைப் பார்த்து வளர்ந்த இரண்டு கைகளைப் பெட்டியால் பிரிக்க முடியவில்லை என்று. அவர் முகம் மலர்ந்தது. "அருமை! அப்ப கை சரியாத்தான் வேலை செய்யுது." பிறகு காதைத் திறந்ததையும் சொன்னேன். மலர்ந்தது வாடியது. "இதை… அடுத்த வாரம் பாக்கலாமே" என்றார்.

அடுத்த வாரம் வேண்டாம், இன்றே என்றது நான் இல்லை, பூதக்கண்ணாடி. "இவ மேஜையிலேர்ந்து இவ வீட்டுக் காதைத் திறக்க முடிஞ்சா, என் மேஜையிலேர்ந்து நாலாம் வீட்டுக் காதையும் திறக்கலாம் சார். அங்க ஒரு அம்மா தனியா இருக்காங்க." என்னைப் பார்க்காமலே சொன்னாள். அவளை வெறுக்க முயன்றேன், முடியவில்லை.

சோதனைப் பொறுப்பு என்னிடமிருந்து போய்விட்டது. கை வேலை மட்டும் என்னிடம் இருக்கும். நடந்ததைச் சொல்லி மற்ற இருபத்தைந்து வீடுகளுக்கும் நானே கடிதம் எழுத வேண்டும்.

மார்ச் 27, வியாழன்

அரை நாள் விடுப்பு எடுத்து நாலு மணிக்கு வீட்டில் இருந்தேன். யாரும் வரவில்லை. மகள் அறையைவிட்டு வரவில்லை, இவர் பேப்பரை மடித்து மடித்து வைத்தார். கடைசியில் அவள் அறைக் கதவருகே நின்று, அக்கா ஏன் வரவில்லை என்று நானே கேட்டேன்.

"பெரியம்மாகிட்ட காது விஷயத்தைச் சொல்லிட்டேன்" என்றாள் மகள். "அவளுக்கு ஏதாவது கேக்கணும்னா எங்கிட்ட நேரா கேக்கட்டும், அதுவரைக்கும் வரலன்னுட்டாங்க."

ஏப்ரல் 2, புதன்

இருபத்தைந்தாவது கடிதத்தை முடித்தேன். நாலாம் வீட்டு அம்மா முதல் ஆளாகப் பதில் எழுதியிருந்தார்: 'பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள்.' அவ்வளவுதான்.

காதுக்கு மேல் கையால் தள்ளி மூடும் ஒரு மூடி வேண்டும் என்று வரைந்து கொடுத்தேன். ஒப்புக்கொண்டார்கள். கை வேலையிலும் ஒன்று சேர்த்தேன். ஆள் யாரென்று சந்தேகம் வந்தால் பெட்டி தானாக முடிவு கட்டாமல் கேட்கட்டும். நான் செய்யாததைப் பெட்டியாவது செய்யட்டுமே.

ஏப்ரல் 7, திங்கள்

போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

மதியம் அலுவலகப் படிக்கட்டில் நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டாள், பதினொரு தடவை அடிக்க விடுவாள் என்று மனதைத் தயார்செய்து வைத்திருந்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். குரல் பதறியது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"அப்புறம் எதுக்கு போன்?"

"உன் கண்ணாடி எங்கிட்ட இருக்கு" என்றேன்.

"தெரியும். ஒரு மாசமா பேப்பர் படிக்கல. உன் வீட்டுக்காரர் வேற செஞ்சு தரேன்னார். வேணாம்னுட்டேன்."

கீழே யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"அன்னிக்கு நீ பதினொரு தடவை கூப்பிட்டே. நான் எடுத்திருக்கணும்க்கா."

"பன்னிரண்டு" என்றாள். "கடைசி ஒண்ணு ஆஸ்பத்திரி நம்பர்லேர்ந்து. அப்பாதான் போடச் சொன்னார். என் போன்ல சார்ஜ் இல்ல."

தெரியாத எண் ஒன்று அன்றைக்கு இருந்தது. விளம்பரக்காரர்கள் என்று நினைத்து அழித்துவிட்டேன். மூன்று வருடமாகத் தப்பாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் என்னை அழவிட்டாள். வையாமல், போனை வைக்காமல். "எல்லார் முன்னாடியும் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி" என்றாள், ரொம்ப நேரம் கழித்து.

"செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நானும் இருப்பேன்" என்றேன்.

"காது?"

"மூடி போட்டாச்சு. உன் கையாலயே மூடிக்கலாம்."

ஏப்ரல் 15, செவ்வாய்

பெட்டியை மகள்தான் திரும்ப மாட்டினாள். மூடியை நான்கு தடவை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினாள்.

அக்கா வந்தாள். மெலிந்திருக்கிறாள். கண்ணாடியைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நரைச்சிட்டியே" என்றாள், அவ்வளவுதான். இவர் என்னிடம் இன்னும் முழுசாகப் பேச ஆரம்பிக்கவில்லை. ஆனால் நான்கு பேருக்கும் தேநீர் போட்டார். படம் ஆரம்பித்ததும் ரிமோட்டுக்கு அக்காவும் நானும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். விட்டுக்கொடுக்கவில்லை, அவளும் சரி நானும் சரி. மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம்.

ஏப்ரல் 21, திங்கள்

வார அறிக்கை வந்தது.

'ஒன்பதாம் வீடு. ஏப்ரல் 15, செவ்வாய், மாலை 4.05 முதல் 6.20 வரை. பார்த்தவர்கள்: மகள், நீங்கள், நீங்கள்.'

அதன் கீழே, நான் புதிதாகச் சேர்த்த கேள்வி: 'சந்தேகமாக இருக்கிறது. இதைத் திருத்த வேண்டுமா?'

வேண்டாம் என்று அழுத்தினேன்.